கைவிட்ட கொறங்காட்டை மீண்டும் மாடு மேயும் நிலமாக்குவது: அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் கொறங்காடு, அதாவது உயிர்வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம், இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இந்த நிலத்தைச் சுருக்கமாகக் காடு என்றே சொல்வோம். அப்பா இருந்தவரை அதில் மாடு மேய்ந்தது. பிறகு வீட்டில் எல்லோரும் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட்டோம். ஆண்டுக்கணக்கில் கவனிப்பார் இல்லாமல் கிளுவை வேலி இற்று விழுந்தது. யார் யாருடைய ஆடோ புகுந்து புல்லை வேர்வரை கடித்தது. திரும்பி வந்து அதைச் சரிசெய்தபோது பட்டவற்றையும், அதன்பின் வெள்ளக்கோவில், மூலனூர் பக்கத்து உறவுக்காரர்களின் காடுகளில் பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். எல்லாக் காட்டிலும் ஏறக்குறைய இதே கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

இது காங்கேயம் வட்டாரத்துச் செம்மண் சரளை நிலத்துக்கு எழுதியது. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மண் இது. கரிசலுக்கும் வயல் மண்ணுக்கும் சில இடங்களில் கணக்கு மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜேசிபியை இறக்கி எல்லாவற்றையும் வழித்து, உழுது, விதை தூவுவதில் தொடங்கியவர்கள்தான் அதிகம் நட்டப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் காட்டின் முக்கியப் புல்லான கொழுக்கட்டைப் புல்லின் தூர், அதாவது தண்டும் வேரும் சேரும் அடிக்கட்டை, சாமானியத்தில் சாவதில்லை. செத்ததுபோல் கிடக்கும் காட்டில் பாதித் தூர் உயிரோடு இருக்கும். அதைக் கலப்பையால் புரட்டிவிட்டுக் கடையில் விதை வாங்குவது, இருக்கிற பணத்தை எறிந்துவிட்டுக் கடன் வாங்குவதற்குச் சமம். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனை முதலில் வருகிறது. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்குமுன்

நல்ல மழை பெய்து பதினைந்து நாள் கழித்துக் காட்டை ஒரு முறை முழுக்க நடந்து பாருங்கள். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், கையில் தடி இருக்கட்டும். புதர் மண்டிய காட்டில் பாம்பு இருக்கும். எங்கே சொட்டை, எங்கே முள், எங்கே நல்ல புல், எங்கே தண்ணீர் அரித்த பள்ளம் என்று ஒரு தாளில் வரைந்து குறியுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் வேண்டும்.

## அறிகுறி 1: மழை பெய்தும் தரை சொட்டையாகவே கிடக்கிறது

தூர் உயிரோடு இருக்கிறதா? சொட்டை இடத்தில் காய்ந்து கருத்த தூர் ஒன்றைத் தேடுங்கள். மண்ணை விரலால் விலக்கி, தண்டும் வேரும் சேரும் இடத்தை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெளுப்பாகவோ இளம்பச்சையாகவோ ஈரம் தெரிந்தால் தூர் உயிரோடு இருக்கிறது. பழுப்புத் தூளாக உதிர்ந்தால் செத்துவிட்டது. இருபது தூரையாவது இப்படிப் பாருங்கள்.

இருபதில் பத்துக்கு மேல் உயிர் இருந்தால் உழாதீர்கள், விதைக்காதீர்கள். காட்டு வாசலின் மூங்கில் படலைச் சாத்துங்கள், அதுதான் வைத்தியம். ஆடியில் சாத்தினால் தை வரை ஒரு கால்நடையும் உள்ளே போகக் கூடாது. ஐப்பசி மழையில் தூர் கிளைக்கும், மார்கழிக்குள் கதிர் விட்டு விதை உதிர்க்கும். மாசியில் காய்ந்த புல்லை மாடு மேயலாம். முதல் ஆண்டு ஆட்டை விடவே விடாதீர்கள். மாடு நாக்கால் சுற்றி இழுத்து மேலே கடிக்கும். ஆடு பல்லைத் தரையில் வைத்துக் கடிக்கும். தேறி வரும் தூருக்கு அது பெரிய அடி.

எங்கள் காட்டின் கிழக்குப் பாதி இந்த ஒரு காரியத்தால் மட்டுமே மீண்டது. செலவு, படலுக்கு வாங்கிய மூங்கில் மட்டும்.

தூர் செத்திருந்தால், மண் தண்ணீர் குடிக்கிறதா? இருபக்கமும் மூடி நீக்கிய ஒரு பால்மாவு டின்னை இரண்டு அங்குலம் மண்ணில் இறுக்கி ஊன்றி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அரைமணி கழித்தும் தண்ணீர் நின்றால் மேல்மண் ஓடு கட்டியிருக்கிறது. விதை போட்டாலும் அது மழையோடு வழிந்து ஓடிவிடும்.

இதற்குச் சிக்கனமான வழி ஆட்டுப்பட்டி. கோடையில் செம்மறிப் பட்டியை அந்தச் சொட்டை மீது மட்டும் சில இரவுகள் அடைத்து, பிறகு அடுத்த சொட்டைக்கு நகர்த்தச் சொல்லுங்கள். குளம்பு அந்த மண்ணோட்டை உடைக்கும், புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். பகலில் அந்த ஆடுகள் மேய்வது வேறு காட்டில் இருக்க வேண்டும். இதைப் பட்டிக்காரரிடம் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். பட்டி கிடைக்காவிட்டால் டிராக்டரின் ஐந்து கொத்துக் கலப்பையால் சொட்டை இடத்தை மட்டும் சரிவுக்குக் குறுக்கே ஒரே சால் மேலோட்டமாகக் கீறுங்கள். எதைச் செய்தாலும் கடைசியில் வெட்டிய முள்ளை அதன்மேல் பரப்பி வையுங்கள். முள்ளடியில் ஈரம் தங்கும், காற்றில் வரும் விதை சிக்கும், மாட்டின் வாய் எட்டாது. அடுத்த ஆண்டு முதல் புல் அந்த முள்ளுக்கடியில்தான் முளைக்கும்.

தண்ணீரும் குடிக்கிறது, ஆனாலும் ஒன்றும் முளைக்கவில்லை, மேலே வெள்ளை பூத்திருக்கிறது என்றால் உவர். அப்போது மண் பரிசோதனை செய்யாமல் காசு செலவழிக்க வேண்டாம். புல் நிலத்துக்கு மேல் 5 சென்டிமீட்டர் ஆழத்து மண் போதும். பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கைக் கழித்துக் கழித்து அரைக்கிலோவாக்கி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உவர் திட்டின் மண்ணைத் தனிப் பையில் கொடுக்க வேண்டும்.

## அறிகுறி 2: பச்சைப்பசேலென்று இருக்கிறது, மாடு வாய் வைப்பதில்லை

தூரத்திலிருந்து பார்த்தால் மனம் குளிரும். கிட்டே போனால் கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, துடைப்பப்புல், பார்த்தீனியம். நல்ல புல்லைத் தின்று தீர்த்த பிறகு மாடு ஒதுக்கியது மட்டும் பெருகி நிற்கிறது.

கொழிஞ்சியையும் ஆவாரையையும் கண்டு பயப்படத் தேவையில்லை. கொழிஞ்சி மண்ணுக்கு நல்லது செய்யும் செடி. படலைச் சாத்திப் புல்லுக்கு வலு வந்தால் அவை தாமே ஒதுங்கும். ஊசிப்புல்லும் துடைப்பப்புல்லும் இளசாக இருக்கும்போது மாடு ஓரளவு தின்னும், கதிர் முற்றினால் தொடாது. அவற்றைக் கதிர் விடுமுன் அரிவாளால் அறுத்துத் தள்ளுங்கள்.

பார்த்தீனியத்தை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பூப்பதற்கு முன், மழை ஈரத்தில், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்த செடியைப் பிடுங்கிக் காட்டிலேயே போட்டால் விதை உதிரும். குவித்து எரிக்க வேண்டும். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். உப்புக் கரைசல் தெளிக்கச் சொல்வார்கள். சாலையோரத்துக்கு அது சரி. மேய்ச்சல் நிலத்தில் உப்பு மண்ணில் தங்கி, நாம் காப்பாற்ற நினைக்கும் புல்லையும் கருக்கிவிடும். களைக்கொல்லிக்கும் இதையே சொல்வேன். ஏக்கர் கணக்கில் மண்டிப்போய் ஆள் வைத்துப் பிடுங்கி மாளாது என்றால் மட்டும் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுச் செய்யுங்கள். மருந்துக் கடைக்காரர் சொல்வதை வைத்துச் செய்ய வேண்டாம்.

## அறிகுறி 3: சீமைக்கருவேலத்தை வெட்ட வெட்டத் துளிர்க்கிறது

தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கு ஒரு மரம் எட்டுக் கிளையாகும். துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் மண்டைப் பகுதியில், தரைக்குக் கீழே இருக்கின்றன. அந்த மண்டையை எடுக்காதவரை எத்தனை முறை வெட்டினாலும் பயனில்லை.

- விரல் தடிமன் நாற்று: மழைக்குப் பின் கையால் பிடுங்கினால் வந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு நடை போதும்.
- மணிக்கட்டுத் தடிமன்: கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு சுற்றிலும் ஓர் அடி ஆழம் பறித்து மண்டையோடு எடுக்க வேண்டும். ஈரம் இருக்கும்போது செய்தால் ஆள்கூலி பாதியாகும்.
- தொடைத் தடிமனும் அதற்கு மேலும்: இங்கேதான் ஜேசிபிக்கு வேலை. மரம் மரமாகப் பிடுங்கச் சொல்லுங்கள். காட்டை வழிக்க விடாதீர்கள். கூடவே நின்று பாருங்கள். பிடுங்கிய குழியை அன்றே மூடி, அங்கே விதை தூவி முள் போடுங்கள். திறந்து கிடக்கும் குழியில் அடுத்து முளைப்பதும் கருவேலமாகவே இருக்கும்.

ஓட்டுநருக்கு வெள்வேல மரங்களை முன்கூட்டியே காட்டி, தண்டில் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். கொறங்காட்டுக்கு வெள்வேலந்தான் நிழல். அதன் காய் கோடையில் ஆடு மாட்டுக்குத் தீனி. கருவேலத்தோடு சேர்த்து முப்பது ஆண்டு வெள்வேல மரம் ஒன்றைச் சாய்த்துவிட்ட காட்டைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் உச்சி வெயிலுக்கு மாடு ஒதுங்க இன்றுவரை நிழல் இல்லை.

பிடுங்கி முடித்தும் புதிது புதிதாக முளைக்கிறது என்றால் சாணியைப் பாருங்கள். சாணிக் குவியலை உடைத்தால் பழுப்பு விதைகள் முழுசாக இருக்கும். ரோட்டோரத்தில் கருவேலங்காய் தின்ற மாடு விதையைச் சுமந்து வந்து காட்டில் விதைக்கிறது. காய் விழும் காலத்தில் வெளியே மேய்ந்த மாட்டை ஒரு வாரம் கட்டுத்தரையில் வைத்துத் தீனி போட்ட பிறகே காட்டுக்குள் விடுங்கள். காயையே முக்கியத் தீனியாக நாள்கணக்கில் தின்ற மாட்டுக்குத் தாடை இழுத்துக்கொள்ளும் கோளாறும் வரும்.

## அறிகுறி 4: விதைத்த புல் முளைக்கவில்லை

காசு கொடுத்த பிறகு வரும் ஏமாற்றம் என்பதால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

விதைக்குள் மணி இருக்கிறதா? கொழுக்கட்டைப் புல் விதை பஞ்சுபோல் இருக்கும். ஒரு கதிர்ச் சிமிழை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேயுங்கள். ரோமம் உதிர்ந்து, கடுகைவிடச் சிறிய, கடினமான மணி ஒன்று விரலில் உருள வேண்டும். உருளவில்லை என்றால் அது வெறும் உமி. வாங்கும்போதே பத்துச் சிமிழைத் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

புது விதையா? அறுத்த உடனே இந்த விதை முளைக்காது. ஆறேழு மாதம் உறங்கும். போன ஆண்டு விதையே நல்லது. நூறு சிமிழை ஈரச் சாக்கில் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்துப் பத்து நாள் வைத்துப் பாருங்கள். முப்பதுக்குக் கீழே முளைத்தால் விதைக்க வேண்டாம்.

ஆழமாகப் போட்டீர்களா? உழுது மூடிய விதை வெளியே வராது. மேலாகத் தூவி, முள் கொத்தை இழுத்து விட்டால் போதும். ஏக்கருக்கு மூன்று கிலோ விதையை ஈர மணலோடு பிசைந்து தூவினால் காற்றில் பறக்காது, எறும்பும் குறைவாக இழுக்கும். புரட்டாசிக் கடைசியில் தூவுங்கள். கோடை மழையை நம்பித் தூவினால் முளைத்த நாற்று ஆனிக் காற்றில் கருகிப்போகும்.

முயல் மசால் என்ற தீவனச் செடியைக் கலந்து விதைத்தால் மாட்டுக்குப் புரதம் கிடைக்கும். அந்த விதைக்குத் தோல் கடினம். கொதித்து இறக்கிக் கொஞ்சம் ஆறிய நீரில், 80 டிகிரி அளவில், நான்கு நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும்.

இரண்டு முறை விதைத்தும் வராத இடத்தில் மூன்றாம் முறை விதைக்காதீர்கள். நல்ல இடத்துத் தூரைப் பெயர்த்து, வேரோடு பிரித்து, மழை நாளில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். முதுகு வலிக்கும் வேலைதான். ஆனால் பிழைக்கும்.

## அறிகுறி 5: நன்றாக வந்த புல், மாடு விட்டதும் தேய்ந்துபோகிறது

புல்லின் மீது குறை இல்லை. மாட்டின் எண்ணிக்கையை எண்ணாமல் விட்டதுதான் காரணம். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஆசைப்பட்டு ஒரு ஜோடி வாங்கி வந்து, அப்போதுதான் தேறிய காட்டில் விடுகிறோம். இதை அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது.

நான்கு குச்சியும் கயிறும் கொண்டு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டுங்கள். அதற்குள் இருக்கும் புல்லை அரைச் சாண் உயரம் விட்டு அறுத்து, மூன்று நாள் மொறுமொறுப்பாகக் காயவைத்து நிறுங்கள். நல்லதும் கெட்டதுமாக ஐந்து இடத்தில் செய்து சராசரி எடுங்கள். சராசரி 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்குச் சுமார் 4,000 சதுர மீட்டர். ஆக 400 கிலோ காய்ந்த புல். அதில் பாதியை நிலத்துக்கு விட்டுவிட வேண்டும். மிச்சம் 200 கிலோ. முந்நூறு கிலோ எடையுள்ள காங்கேயம் பசு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 கிலோ காய்ந்த தீனி தின்னும். அப்படியானால் ஓர் ஏக்கர் ஒரு மாட்டுக்கு 28 நாள். நான்கு ஏக்கர் இரண்டு மாட்டுக்கு எட்டு வாரம்.

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் பலர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மீதி நாளுக்குச் சோளத்தட்டும் வைக்கோலும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று ஐப்பசியிலேயே தெரிந்துகொள்வது, வைகாசியில் மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்பதைவிட எவ்வளவோ மேல்.

பிறகு காட்டை நான்காகப் பிரித்து ஒன்று மாற்றி ஒன்று மேயுங்கள். புல் அரைச் சாணுக்கு இறங்கியதும் மாட்டை மாற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் குறைந்தது முப்பது நாள் கழித்தே மேய்ந்த துண்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து, மாடு மேய்ந்து முடித்த துண்டில் ஓரிரு நாள் செம்மறி விடலாம்.

யூரியா தூவினால் விரைவில் துளிர்க்கும் என்பார்கள். தூவுவதானால் மழை ஈரத்தில் கொஞ்சமாகத் தூவி, மணி கரைந்து இரண்டு வாரம் போகும்வரை மாட்டை விடாதீர்கள். சிந்திக் கிடக்கும் யூரியாவை நக்கிய மாடு அன்றே சாகவும் கூடும். காலிச் சாக்கைக் காட்டில் போட்டு வைக்கவும் கூடாது.

## அறிகுறி 6: மழைநீர் ஓடிப் பள்ளம் பறிக்கிறது, வேலி நிற்கவில்லை

சரிவுக்குக் குறுக்கே காட்டுக் கல்லை அடுக்கி வரப்புப் போடுங்கள். பள்ளம் முழங்கால் ஆழம் வரை என்றால் கல்லும் முள்ளும் இட்டு நாமே அடைத்துவிடலாம். இடுப்பளவு போய்விட்டால் வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். அரைகுறையாக அடைத்தால் அடுத்த வெள்ளத்தில் இரண்டு மடங்காகப் பறிக்கும்.

வேலிக்குக் கிளுவையை மிஞ்சியது இல்லை. இலை உதிர்ந்து நிற்கும் கோடையில் போத்து (நடுவதற்கான கிளை) வெட்டி, கோடை மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றி, பிடிக்கும்வரை ஓராண்டு முள் கட்டிக் காக்க வேண்டும். அவசரத்துக்குக் கம்பி வேலி போடலாம். அதன் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். காரணம் அடுத்துச் சொல்கிறேன்.

## அறிகுறி 7: மேய்ந்த மாட்டுக்கு உடம்பு சரியில்லை

இந்தப் பகுதியில் நம் கைவைத்தியத்துக்கு இடம் குறைவு. அரசு கால்நடை மருந்தகத்தின் எண்ணையும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் கைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.

சாணி இளகிப் போகிறது, மாடு சுறுசுறுப்பாக இருக்கிறது. காய்ந்த தீனியிலிருந்து திடீரென்று பச்சைக்கு மாறினால் இப்படி ஆகும். காலையில் வைக்கோல் போட்டு, முதல் நாட்களில் ஒரு மணி நேரம் மட்டும் மேய விடுங்கள். மூன்று நாளில் நிற்காவிட்டாலோ, இரத்தமோ துர்நாற்றமோ இருந்தாலோ மருத்துவரை அழையுங்கள்.

இடது வயிறு மத்தளம்போல் உப்புகிறது, மூச்சுத் திணறுகிறது. உடனே அழையுங்கள். வரும்வரை மாட்டை நிற்க வைத்து, முன்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். படுத்த மாட்டின் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

சோளத்தில் வாய் வைத்த சற்று நேரத்தில் தள்ளாடுகிறது, வேகமாக மூச்சு வாங்குகிறது. இளம் சோளத்திலும், அறுத்த பின் துளிர்க்கும் மறுதாம்பிலும், வறட்சியில் வாடிய பயிரிலும் நஞ்சு இருக்கும். நிமிடக் கணக்கில் உயிர் போகும். முதல் வேலை தொலைபேசிதான். பூக்காத சோளத்தின் பக்கம் மாட்டை விடவே கூடாது.

மூக்கும் மடியும் போன்ற வெளுத்த தோல் உரிகிறது, கண் மஞ்சளாகிறது, நிழலைத் தேடுகிறது. உண்ணிச்செடி தின்றிருக்கலாம். வெயிலில் விடாமல் கட்டி, மருத்துவரை அழையுங்கள். செடியை வேரோடு எடுங்கள்.

நாள் கணக்கில் தீனி குறைந்து, முதுகை வளைத்து நிற்கிறது, நெஞ்சடியில் வீக்கம். கம்பியோ ஆணியோ வயிற்றில் இருக்கலாம் என்று நினைக்க வேண்டும். இதற்கு வீட்டு வைத்தியம் ஒன்றும் கிடையாது; அறுவை சிகிச்சை வரை போகலாம், தாமதித்தால் அதற்கும் இடமிருக்காது. ஆகவே கைவிட்ட காட்டில் மாடு விடுமுன் பழைய வேலி ஓரம், கொட்டகை இருந்த இடம், டயர் எரித்த இடம் மூன்றையும் தேடுங்கள். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்தேன். டயர் எரித்த சாம்பல் திட்டு ஒன்றில் மட்டும் முடிபோன்ற கம்பிகள் இரண்டு கைப்பிடி ஒட்டிக்கொண்டு வந்தன. வெறும் கண்ணுக்கு அந்த இடத்தில் சாம்பல் மட்டுமே தெரிந்தது.

மழைக்குப் பின் இளம்புல் மேய்ந்த கொழுத்த செம்மறி திடீரென்று துள்ளி விழுந்து சாகிறது. இது துள்ளுமாரி என்ற நோய். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மீதி ஆடுகளை அன்றே காட்டிலிருந்து வெளியேற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நன்றாக இருந்த மாடு செத்துக் கிடக்கிறது, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த இரத்தம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். தோலை உரிக்கவோ உடலைத் திறக்கவோ கூடாது. அந்தக் கிருமி மண்ணில் பல ஆண்டு உயிரோடு இருக்கும், மனிதருக்கும் தொற்றும். நாய் அண்டாமல் காவல் வைத்து, மருத்துவர் வந்து சொல்லும்வரை மற்ற மாடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மருத்துவரை அழைக்கும்போது எந்தத் துண்டில் மேய்ந்தது, எத்தனை மணிக்கு விட்டீர்கள், என்று மழை பெய்தது, கடைசித் தடுப்பூசி எப்போது என்று சொல்லுங்கள். அவர் வருவதற்குள் ஒருவர் ஓடிப்போய், மாடு கடித்த செடியில் ஒரு கிளையை ஒடித்துக் கொண்டுவந்து வைக்கட்டும்.